மாபெரும் வெற்றிகள், முதல் தொகுதி

கடிதத்தைப் படித்துக் காட்டியது மெக்கானிக்கின் தம்பி மகள். மெக்கானிக் அப்போது வராந்தாவில் ஒரு வாஷிங் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டிருந்தார்.

"'தங்கள் இசைக்குழுவான அஞ்சாம் மாடி அடைந்த மாபெரும் வெற்றிகளை முதன்முறையாகத் தொகுத்து வெளியிட எமது பாரம்பரியப் பிரிவு தீர்மானித்துள்ளது. தாங்கள் உயிருடன் இருக்கும் பட்சத்தில் ஏழு வேலை நாட்களுக்குள் நேரில் வரவும். உயிருடன் இல்லாத பட்சத்தில் அதைத் தாங்களே எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' என்ன பெரியப்பா, நேர்ல போறீங்களா, எழுதிப் போடுறீங்களா?"

"போறேன்மா. உயிரோட இருக்கிறதுக்கு இத்தனை வருஷத்துல இப்பத்தான் ஒரு உபயோகம் வந்திருக்கு" என்றார் மெக்கானிக், கையை வெளியே எடுக்காமலே.

மாபெரும் வெற்றிகள் என்ற சொல்லைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த ராக் குழு மொத்தமே பத்தொன்பது பாட்டுகள் போட்டது. இரண்டு கேசட். அவற்றில் சொந்தக்காரர்களைத் தவிர வேறு யாராவது கேட்ட பாட்டுகள் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் மூன்று தேறும். லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஒத்திகை அறை கிடைத்ததால் குழுவுக்கு அந்தப் பெயர். வாரத்துக்கு இரண்டு முறை டிரம்களைத் தலையில் சுமந்து ஏறியவர் மெக்கானிக். குழுவில் அவர்தான் டிரம்மர். மேலே போய்ச் சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். அதனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, சிம்பல் தகடுகளின் மறைவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். குழுவில் அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர்.

அவர் தூங்குவது ஒரே ஒருவன் கண்ணுக்குத்தான் தெரியும். பேஸ் கிட்டார் வாசித்த அவருடைய தம்பிக்கு. அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தம்பி திரும்பிப் பார்த்து, "அண்ணே, தூங்கிட்டியா?" என்று கேட்பான். அண்ணன், "தூங்கலடா, ஆரம்பி" என்பார். பிறகு குச்சிகளை நான்கு முறை தட்டுவார். பாட்டு தொடங்கும். மற்ற குழுக்கள் சாமி கும்பிட்டுவிட்டுத் தொடங்கின; இவர்கள் இதைச் சொல்லித் தொடங்கினார்கள்.

ஒலிப்பதிவிலும் அப்படியே. பதிவு செய்பவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பேச்சை வெட்டி எறிந்துவிடுவார். இரண்டாவது கேசட்டின் கடைசிப் பாட்டில் மட்டும் வெட்ட மறந்துபோனார். பாட்டின் பெயர் 'சாவி யார்கிட்ட'. ஒத்திகை அறைச் சாவியை யார் வைத்திருப்பது என்ற சண்டையில் பிறந்த பாட்டு. உலகத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை.

அடுத்த வருடம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். மகளுக்கு அப்போது பதினோரு மாதம்.

தம்பியின் போட்டோக்கள் வீடு நிறைய இருக்கின்றன. குரல்தான் எங்கேயும் இல்லை. கல்யாண வீடியோவில் மூன்று மணி நேரம் வாயை அசைக்கிறான். ஆனால் எடிட் செய்த புண்ணியவான் முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம்வரை சினிமாப் பாட்டை ஓடவிட்டிருந்தான். மிச்சம் இருந்தது அந்தக் கேசட் ஒன்றுதான். அதைத் தீர்த்துக்கட்டியவர் மெக்கானிக். தம்பி இறந்த வருடம் முழுவதும் அந்த இரண்டு சொற்களை மட்டும் ஓடவிட்டு, திருப்பி, மறுபடி ஓடவிட்டு, திருப்பி, கடைசியில் சரியாக அந்த இடத்தில் நாடா தேய்ந்து, குரல் மெலிந்து, ஒரு நாள் வெறும் இரைச்சலாகிவிட்டது. பாட்டின் மற்ற பகுதி இன்றும் நன்றாகவே கேட்கும். அது யாருக்கு வேண்டும்?

இரண்டு வருடத்துக்கு முன் தம்பி மகள் கேட்டாள்: "எங்கப்பா குரல் எப்படி இருக்கும் பெரியப்பா?"

"நல்லா இருக்கும்."

"நல்லான்னா?"

அவரால் சொல்ல முடியவில்லை. "கம்பெனில ஒரிஜினல் டேப் இருக்கு. என்னைக்காவது வாங்கிட்டு வரேன்" என்றார். வாங்கவும் போனார். வெளியீடு எதுவும் இல்லாமல் காப்பகத்தைத் திறக்க விதியில்லை என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இப்போது வெளியீடு வந்துவிட்டது. மெக்கானிக் கையைக் கழுவிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையைத் தேடினார்.

பாட்டு விற்கும் அந்தக் கம்பெனியின் ஏழு மாடிகளிலும் 'அமைதி காக்கவும்' என்று பலகை மாட்டியிருந்தது. பாரம்பரியப் பிரிவின் தலைவர் நல்ல மனிதர். எழுந்து நின்று கை கொடுத்தார். அவருக்குப் பின்னால் அலமாரி நிறையக் கோப்புகள் இருந்தன. பாட்டுப் போடுகிற சாமான் எதையும் காணோம்.

"உங்க பாட்டெல்லாம் எங்களுக்கு உயிர் சார்" என்றார் தலைவர்.

"எந்தப் பாட்டுங்க பிடிக்கும்?"

"கேட்டதில்ல. நானும் சரி, தேர்வுக் குழுவுல இருக்கிற பதினோரு பேரும் சரி, யாருமே பாட்டு கேக்கறதில்ல. கேட்டா பிடிச்சுப் போயிடும் சார். பிடிச்சுப் போச்சுன்னா பாரபட்சம் வந்துடும். முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், ஒரு பாட்டுக்காவது தலையாட்டினான்னு என்னைப் பாத்து ஒருத்தன் சொல்லட்டும்!"

மெக்கானிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவ்வளவு நேர்மையை அவர் வாஷிங் மெஷின் கம்பெனிகளில் பார்த்ததில்லை.

தொகுப்புக்குப் பதினான்கு பாட்டுகள் வேண்டும் என்பது விதி. வெற்றி பெற்றவை மூன்று. மீதிப் பதினொன்றுக்குத் தேர்வுக் குழு ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. 'வெற்றி பெற்ற பாடல்' என்பதோடு, 'வெற்றி பெற்றிருக்க வேண்டிய பாடல்', 'வெற்றியைப் பொருட்படுத்தாத பாடல்' என்று மேலும் இரண்டு வகைகள் ஏற்படுத்தப்பட்டன. தலைவர் பட்டியலை நீட்டினார். மெக்கானிக் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். 'சாவி யார்கிட்ட' இல்லை.

"இந்த ஒரு பாட்டைச் சேத்துடுங்க சார். வேற எதை வேணா எடுத்துடுங்க. நான் வாசிச்ச டிரம் சத்தத்தையே எடுத்தாலும் கவலையில்ல."

"அதுக்கு எந்த வெற்றியும் இல்லையே."

"மத்ததுக்கும் இல்லையே சார்."

"மத்ததுக்கு வெற்றி இல்லைங்கறதுக்கு ஆதாரம் இருக்கு. இதுக்கு அந்த ஆதாரம்கூட இல்ல. ஒண்ணு செய்ங்க. இந்தப் பாட்டைப் பிடிக்கும்னு பொதுமக்கள் ஐம்பது பேர் கைப்பட எழுதின கடிதம் கொண்டு வாங்க. குழுவுல வச்சுப் பாக்கறேன்."

கேட்காத பாட்டைப் பிடிக்கும் என்று எழுதித்தர ஐம்பது பேருக்கு எங்கே போவது? மெக்கானிக் அவருக்குத் தெரிந்த இடத்துக்குத்தான் போனார். வீடு வீடாக மெஷின் கழற்றும்போது, ஸ்குரூ டிரைவரை ஓரமாக வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். தம்பி, குரல், அந்தப் பெண் குழந்தை எல்லாவற்றையும் சொன்னார். முதல் வீட்டில் பாதியில் நிறுத்திவிட்டு ஸ்குரூவைத் தேடினார். பத்தாவது வீட்டில் கோவையாக வந்துவிட்டது. இருபதாவது வீட்டில், தான் இதை நன்றாகச் சொல்கிறோம் என்று தோன்றிய நிமிடத்தில் அவருக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

ஒன்றரை மாதத்தில் ஐம்பத்துநான்கு கடிதங்கள் சேர்ந்தன. ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர், 'இப்பாடலை நான் கேட்டதில்லை. ஆயினும் இவர் பழுதுபார்த்த இயந்திரம் நான்கு ஆண்டுகளாகத் தடையின்றி ஓடுகிறது. அதுபோலவே பாடலும் இருக்கும் என நம்புகிறேன்' என்று எழுதியிருந்தார். இரட்டைக் குழந்தைகளின் அம்மா ஒருத்தி, 'பாட்டு எப்படியோ போகட்டும், அந்த அண்ணனுக்கு அந்தக் குரலைக் கொடுத்துவிடுங்கள்' என்று எழுதினாள். அதை மட்டும் கடிதக் கட்டிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார் மெக்கானிக்.

தேர்வுக் குழு கடிதங்களை எடை போட்டுப் பார்த்து மகிழ்ந்தது. பாட்டைக் கேட்டுவிட்டு ஆதரிப்பவர்களை விட, கேட்காமலே ஆதரிப்பவர்களின் ஆதரவு தூய்மையானது என்று பதினோரு பேரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். 'சாவி யார்கிட்ட' பதினான்காவது பாட்டாக, வெற்றியைப் பொருட்படுத்தாத பாடல்கள் என்ற பிரிவில் சேர்க்கப்பட்டது.

அன்று மெக்கானிக் வீட்டுக்கு நடந்தே போனார். பஸ்ஸில் உட்கார்ந்து போகிற சந்தோஷமில்லை அது. தம்பி மனைவி கதவைத் திறந்து, முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"நிஜமாவா?"

"நிஜம்மா. பதினாலாவது பாட்டு."

அவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "அவகிட்ட இப்பவே சொல்லாதீங்க. கையில வந்தப்புறம் சொல்லலாம்" என்றாள். ஆனால் மகள் அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டு முடித்திருந்தாள்.

மறுவாரம் ஒப்புதல் அலுவலரைப் பார்க்கச் சொல்லி அழைப்பு வந்தது. மேஜைமேல் ஒரு பூந்தொட்டி; அதற்குப் பின்னால் சிரித்த முகத்தோடு ஒரு பெண். பதிவில் கேட்கும் ஒவ்வொரு குரலுக்கும் உரியவர் ஒப்புதல் தரவேண்டும். இசைக்குழுவின் மற்ற இருவர் வெளிநாட்டிலிருந்து படிவங்களை அனுப்பிவிட்டார்கள். பாடகர் நேரில் வந்து, எங்கே என்று பார்க்காமல் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"'சாவி யார்கிட்ட' பாட்டுல, பாட்டு தவிர ரெண்டு பேச்சுக் குரல் இருக்கு சார்" என்று அவள் ஒரு தாளைத் திருப்பி வைத்தாள்.

தட்டச்சில் இருந்தது:

குரல் எண் 1: அண்ணே, தூங்கிட்டியா?
குரல் எண் 2: தூங்கலடா, ஆரம்பி.

மெக்கானிக் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் இருக்கிறது. யாரோ ஒருவர் அதைக் காதால் கேட்டுத்தானே எழுதியிருக்கிறார். பதினாலு வருடம் கழித்து யாரோ ஒரு குமாஸ்தாவின் காதில் தம்பி பேசியிருக்கிறான்.

"ரெண்டாவது நான். முதல்ல பேசறது என் தம்பி. இறந்துட்டான். இது இறப்புச் சான்றிதழ். இது வாரிசுச் சான்றிதழ். அவன் சம்சாரம் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருக்கு."

"ரொம்ப ஒழுங்கா கொண்டு வந்திருக்கீங்க" என்று அவள் உண்மையாகவே பாராட்டினாள். "ஆனா இந்தக் குரல் அவரோடதுதான்னு உறுதி பண்ணணும். அவர் பேசின வேற ஏதாவது பதிவு கொடுத்தீங்கன்னா, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துடுவோம்."

"வேற பதிவு இல்லம்மா."

"சின்னதா இருந்தாலும் போதும். ஒரு ஹலோ."

"அந்த ஒரு ஹலோ என்கிட்ட இருந்தா, நான் எதுக்கும்மா இங்க வரேன்?"

"நியாயம்தான் சார்" என்றாள் அவள். நிஜமாகவே வருத்தப்பட்ட குரலில் சொன்னாள். பிறகு படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் 'குரல் மாதிரி இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தாள். அவள் சிரித்துக்கொண்டே கொடுத்ததால் காரியம் முடிந்துவிட்டது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார். ரசீதைப் படித்துப் பார்த்திருக்கலாம். முத்திரை குத்திய காகிதத்தை நம்பித்தான் அவர் அத்தனை காலமும் பிழைத்திருந்தார். உத்தரவாத அட்டையில் முத்திரை இருந்தால் மெஷின் சரியாகிவிடும்.

அடுத்து அவர் குரலைச் சோதித்தார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "தூங்கலடா, ஆரம்பி" என்று சொல்லச் சொன்னார்கள்.

சொன்னார்.

"நாற்பத்தொண்ணு சதவீதம்தான் ஒத்துப்போகுது. அறுபது வேணும்" என்றான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பொறியாளன். "இளமையாச் சொல்லுங்க சார்."

"அதைப் பேசினப்ப எனக்கு முப்பத்தொண்ணு தம்பி. இப்ப நாற்பத்தஞ்சு."

"டேப்புல இருக்கிறவருக்கு அது தெரியாதே சார்."

மறுபடி சொன்னார். நாற்பத்தாறு. கோபமாகச் சொன்னார். நாற்பத்தொன்பது. யாராவது கேட்டால்தானே பதில் சொல்ல வரும் என்று தோன்றியது. "முதல் குரலைக் கொஞ்சம் போடுங்களேன். அவன் கேட்டா எனக்குத் தானா வந்துடும்" என்றார்.

"முதல் குரல் இன்னும் உறுதியாகல சார். உறுதியாகாத குரலை வெளியாளுக்குப் போடக்கூடாது."

"நான் வெளியாளா?"

"நீங்களே இன்னும் நாற்பத்தொன்பதுலதானே இருக்கீங்க."

பதினேழாவது தடவை மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து மாடி ஏறிய களைப்பை நினைத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் முனகுவதுபோலச் சொன்னார். அறுபத்தொன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைதட்டினார்கள். அவர் அவராகவே இருக்கிறார் என்று சான்றிதழ் தரப்பட்டது.

வெளியீட்டு விழாவுக்குத் தம்பி மனைவியும் மகளும் வந்தார்கள். மகள் பள்ளித் தோழிகள் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் தான் கேட்கவேண்டும் என்றாள். மேடையில் தொகுப்பின் அட்டைப்படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். 'அஞ்சாம் மாடி: மாபெரும் வெற்றிகள், முதல் தொகுதி'. இரண்டாம் தொகுதிக்கு மீதம் ஐந்து பாட்டுகள்தான் உள்ளன என்பது அங்கிருந்த யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. படத்தில் நடுநாயகமாக இருந்தது தம்பி. முகத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு போட்டோக்கள் இருந்ததால் முகம் உறுதியாகியிருந்தது. கிட்டாரோடு திரும்பி, வாயைத் திறந்து என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். என்ன கேட்கிறான் என்று அந்த அரங்கத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

தலைவர் பேசினார். "இசையை நாங்கள் வியாபாரமாகப் பார்ப்பதில்லை. இசையாகவும் பார்ப்பதில்லை. பொறுப்பாகப் பார்க்கிறோம். இந்தத் தொகுப்பில் ஒரு வினாடிகூட எங்கள் கையெழுத்து இல்லாமல் ஒலிக்காது." பலத்த கைதட்டல். பிறகு, ஐம்பத்துமூன்று பொதுமக்களின் விருப்பத்துக்கு மதிப்பளித்து, முதல் பாடலாகப் பதினான்காவது பாடல் ஒலிபரப்பாகும் என்று அறிவித்தார்.

தம்பி மகள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். மெக்கானிக் அவளைப் பார்க்கவில்லை. தம்பி மனைவி முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சத்தமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வினாடி. மெஷின் கோளாறு என்று மெக்கானிக் நினைத்தார். அவருக்குத் தெரிந்த கோளாறெல்லாம் அதுதானே. அப்புறம் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த ஒலிபெருக்கிகளிலிருந்து, அரங்கம் அதிர, ஒரு தூக்கக்கலக்கமான குரல் சொன்னது:

"தூங்கலடா, ஆரம்பி."

சபை சிரித்தது. குச்சிகள் நான்கு முறை தட்டின. பாட்டு தொடங்கியது.

பாட்டு முடிந்து எல்லோரும் எழுந்தபோது பாடகர் ஓடிவந்து மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டார். பாடகர் இப்போது அடுக்குமாடி வீடுகளுக்கு விளம்பரத் தூதர். "தூங்குமூஞ்சி! அந்த ஆரம்ப மௌனம் இருக்கே, என்ன ஒரு யோசனைடா! யாரோட ஐடியா அது?"

மெக்கானிக் அவரை விலக்கிவிட்டு, பிஸ்கட் தட்டுக்கு அருகில் நின்றிருந்த தலைவரிடம் போனார்.

"சார். என் தம்பி பேசினது எங்க?"

"எந்தத் தம்பி? ஓ, குரல் எண் ஒண்ணா. உறுதியாகலையே சார். உரிமையாளர் யார்னு தெரியாத குரலை நாங்க எப்படி வெளியிட முடியும்? ரசீதுல போட்டிருக்குமே." தலைவர் குரலைத் தாழ்த்தினார். "வேற கம்பெனியா இருந்தா அந்த இடத்தை வெட்டி ஒட்டிட்டுப் போயிருப்பான். நாங்க அப்படிச் செய்யல. அவர் பேசின நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரத்துக்கு மௌனம் வச்சிருக்கோம். அதுவும் சும்மா மௌனமில்ல சார், நம்ம ஸ்டுடியோவிலேயே தனியாப் பதிவு பண்ணின மௌனம். இறந்தவங்களுக்கு இவ்வளவு மரியாதை யார் சார் கொடுக்கறா?"

"சரி சார்." மெக்கானிக் பின்னாலேயே வந்திருந்த தம்பி மகளைக் காட்டினார். "வெளியிட வேண்டாம். விக்க வேண்டாம். அந்த ஒரிஜினல் டேப்பை ஒரு தடவை, ஒரே தடவை, இந்தப் பொண்ணுக்குப் போட்டுக் காட்டுங்க. நாலு செகண்டு."

தலைவர் முகத்தில் முதல்முறையாக ஒரு பெருமிதம் தெரிந்தது. "அந்த ஒரிஜினலை அழிச்சாச்சே! புதுப்பதிப்பு தயாரானதும் பழசை அழிச்சுடணும்னு நானே போராடிக் கொண்டுவந்த விதி சார் அது. இல்லாட்டி எது அசல்னு குழப்பம் வரும். இந்தப் பிரிவுலேருந்து இன்னைவரைக்கும் ஒரு பொருள் தொலைஞ்சதில்ல தெரியுமா? தொலையக்கூடியதையெல்லாம் நாங்க முன்னாடியே அழிச்சுடறோம்."

மெக்கானிக் அவரை அடித்திருக்கலாம். அடிக்கவேண்டும் என்றுதான் கை வந்தது. ஆனால் எதிரே நின்ற முகத்தில் துளிக் கெட்ட எண்ணம்கூட இல்லை. கெட்ட எண்ணம் இல்லாத முகத்தில் எங்கே அடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப்பையில் இருந்த இரட்டைக் குழந்தைகளின் அம்மா கடிதத்தை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "ஐம்பத்து நாலாவதா? கோப்புல சேத்துடறேன் சார்" என்று தலைவர் பின்னாலிருந்து சொன்னார்.

மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். தம்பி மனைவி நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் இருக்கிற இடத்திலிருந்து வேறு இடத்துக்குப் போகும் சத்தம் கேட்டது. இலவசமாகத் தந்த சிடியைப் பிரித்து, மகள் அதைப் பாடவிட்டாள்.

நான்கு வினாடி மௌனம். "தூங்கலடா, ஆரம்பி." நிறுத்தினாள்.

"இது உங்க குரல்."

"ஆமாம்மா."

"அப்பாவோட குரலை எடுத்துட்டாங்க. உங்க பதிலை மட்டும் வச்சிருக்காங்க."

"நான் உயிரோட இருக்கேன்ல. அதனால வச்சிட்டாங்க." அவருக்கு அடக்கமுடியாமல் அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சுடும்மா. கேசட்டைத் தேய்ச்சதும் நான்தான். படிக்காம ரசீது வாங்கினதும் நான்தான்."

அவள் அழவில்லை. டேபிளில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "அவர் எப்படிக் கேப்பாருன்னு நீங்களே சொல்லிக் காட்டுங்க. அது போதும்."

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே, தூங்கிட்டியா" என்றார். இல்லை. இன்னும் மெல்லிசாக, "அண்ணே, தூங்கிட்டியா" என்றார். அதுவும் இல்லை. கிண்டலாகச் சொன்னார், இழுத்துச் சொன்னார். ஒவ்வொரு முறையும் வந்தது அவருடைய குரல்தான். அந்தக் கண்ணாடி அறையில் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது இப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடமாக யாரிடமும், தன்னிடமும்கூடச் சொல்லிக்கொள்ளாத ஒன்று.

"எனக்கே மறந்துபோச்சும்மா" என்றார். "உனக்காகத்தான் அலையறேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஐம்பது வீட்டுல சொன்னேன். அவன் எப்படிப் பேசுவான்னு எனக்கே ஞாபகம் இல்ல. எனக்கும்தான் கேக்கணும்போல இருந்துச்சு."

பெண் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு சிடியை மறுபடி ஆரம்பத்திலிருந்து போட்டாள். மௌனம் தொடங்கியதும் அதற்குள் பேசினாள். "அண்ணே, தூங்..." அவள் முடிப்பதற்குள் அந்தப் பழைய குரல் குறுக்கே வந்துவிட்டது. நிறுத்தினாள். மறுபடி போட்டாள். இப்போது சீக்கிரம் முடித்துவிட்டாள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு வினாடி அனாதையாகக் கிடந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. தம்பி மனைவி ஈரக் கையோடு கதவு நிலையில் வந்து நின்றாள்.

மூன்றாவது தடவை பெண் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, யார் மாதிரியும் இல்லாமல், தன் சொந்தக் குரலில் கேட்டாள்:

"அண்ணே, தூங்கிட்டியா?"

"தூங்கலடா, ஆரம்பி" என்றது ஒலிபெருக்கி உடனே, கொஞ்சம் எரிச்சலாக, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்குச் சொல்வதுபோல. குச்சிகள் நான்கு முறை தட்டின. இந்த முறை அவள் நிறுத்தவில்லை. மூவரும் பாட்டை முதன்முறையாகக் காதுகொடுத்துக் கடைசிவரை கேட்டார்கள்.